ரேஷன் கார்டும் ஏலமேடையும்: கபடி அகாடமிகளை முன்வைத்து

1993ஆம் வருஷத்துப் பங்குனிப் பொங்கல். சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, குருவிகுளம் போகிற பக்கம் ஒரு கரிசல் ஊர். 'மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி.' ஸ்கோர் எழுதுகிறவன் என்ற முறையில் கமிட்டி மேசைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி. இரவு ஒரு மணி இருக்கும், அரையிறுதி ஆட்டம் பாதியில் நின்றுபோயிற்று. எதிரணியில் இடது கார்னரில் நிற்கிற பையன் அந்த ஊர்க்காரனே இல்லை, மில் டீமுக்கு ஆடுகிறவன், வேன் வைத்துக் கூட்டிவந்திருக்கிறார்கள் என்று கூச்சல். இதற்கு எங்க பக்கம் 'ஆள் இறக்குறது' என்று பெயர். எல்லா ஊரும் இறக்கும். பிடிபடுகிற ஊர்தான் அயோக்கிய ஊர்.

கமிட்டியார் ரேஷன் கார்டைக் கேட்டார்கள். கார்டு வந்தது. பையன் பெயர் அதில் இருந்தது, யாரோ ஒரு மாமா வீட்டுக் கார்டில் ஏழாவது ஆளாக. "மை கூட இன்னும் காயலையே அண்ணாச்சி" என்று ஒருத்தன் டியூப் லைட்டுக்கு நேரே கார்டைத் தூக்கிப் பிடித்தான். ஒன்றரை மணி நேரம் பேச்சு. நியாயம், நியாயம் என்று அந்த ராத்திரி அந்தச் சொல் அடிபட்டதைப் போல வேறெங்கும் நான் கேட்டதில்லை. எங்க ஊருக்கு நியாயமா, உங்க ஊருக்கு நியாயமா, முன்பணம் கட்டின டீமுக்கு நியாயமா. இவ்வளவு நேரமும் அந்தப் பையன் கோட்டுக்கு வெளியே தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு குத்தவைத்திருந்தான். அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஸ்கோர் தாளில் அவன் நம்பருக்கு நேரே ஒரு கேள்விக்குறி போட்டுவைத்தேன், அவ்வளவுதான்.

அந்தக் கேள்விக்குறி முப்பது வருஷம் கழித்து ஞாபகத்துக்கு வந்ததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, எங்க தெருப் பையன் ஒருத்தனுக்கு நடந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன். இன்னொன்று, நமக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத ஒரு தேசத்துச் சண்டை. மெல்போர்னில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் ஊருக்கு வந்திருந்தபோது அங்கத்திய கால்பந்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். முட்டை வடிவப் பந்து, நீள்வட்ட மைதானம், பக்கத்துக்கு 18 பேர்; காலாலும் உதைக்கலாம், கையாலும் குத்தித் தள்ளலாம். ஆட்டம் எனக்குப் புரியவில்லை. ஆனால் ஆட்டக்காரனை எந்தக் கிளப் எடுத்துக்கொள்வது என்பதில் அவர்கள் போடுகிற சண்டையை அவன் சொல்லச்சொல்ல, அட, இது நம்ம ரேஷன் கார்டு விவகாரமல்லவா என்று தோன்றிற்று.

அந்த வரலாற்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். விக்டோரியா மாநிலத்துக் கிளப்புகள் 1968இல் நாட்டுப்புறத்தைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டன. இன்ன வட்டாரத்தில் பிறந்து வளர்கிற பையன் இன்ன கிளப்புக்கு. ஹாதார்ன் கிளப்புக்கு மார்னிங்டன் தீபகற்பம் போயிற்று; அங்கே நல்ல விளைச்சல். வறண்ட வட்டாரம் வாய்த்த கிளப்புகள் கடைசிவரை புலம்பிக்கொண்டே இருந்தன. ஏறத்தாழ ஜமீன் எல்லை பிரித்த மாதிரிதான். அதற்கும் முன்னால் 1949இலிருந்தே இன்னொரு விதி இருந்தது: அப்பா ஒரு கிளப்புக்குப் போதுமான ஆட்டங்கள் ஆடியிருந்தால், மகனை அதே கிளப் எடுத்துக்கொள்ளலாம். இது ரத்த பாத்தியதை.

1986இல் வட்டார முறையைக் கைவிட்டு, 'டிராஃப்ட்' என்ற தேர்வு முறைக்கு வந்தார்கள். போன வருஷம் கடைசியில் வந்த அணி முதலில் ஆள் எடுக்கும், ஜெயித்த அணி கடைசியில் எடுக்கும். இது அமெரிக்கச் சரக்கு. அங்கே தொழில்முறைக் கால்பந்தில் 1936இல் ஆரம்பித்தது. அந்த முதல் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் என்பவர் அந்த லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை என்பதை இங்கே போகிறபோக்கில் சொல்லிவைக்கிறேன். சம்பளம் ஒத்துவரவில்லை, வேறு வேலைக்குப் போய்விட்டார். எடுத்தவர்கள் எல்லாரும் அவரிடம் கேட்டுவிட்டு எடுக்கவில்லை போலும்.

ஆஸ்திரேலியர்களின் சிக்கல், சிட்னியும் பிரிஸ்பேனும். அவை ரக்பி ஊர்கள். அங்கே இந்த ஆட்டத்தைப் பரப்ப வேண்டுமானால் உள்ளூர்ப் பையன்கள் வர வேண்டும். தெற்கிலிருந்து எடுத்த பையன்களோ இரண்டு வருஷத்தில் ஊர் ஞாபகம் வந்து திரும்பிப் போகிறார்கள். எனவே 2010 வாக்கில் வடக்குக் கிளப்புகள் நான்குக்கு அகாடமி நடத்தும் உரிமை கொடுக்கப்பட்டது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன்களைச் சேர்த்துப் பழக்கு. வளர்ந்ததும் உனக்கே முதல் கை. 2014இல் சிட்னி கிளப் ஐசக் ஹீனி என்ற பையனை இந்த வழியில் எடுத்தது. முதல் மூன்று நான்கு இடங்களுக்குள் போயிருக்க வேண்டியவன் என்று எல்லாரும் சொன்ன ஆள், சிட்னிக்கு 18ஆவது இடத்துக் கையிலேயே கிடைத்துவிட்டான். மெல்போர்ன் கிளப்புகள் கொதித்தன. அடுத்த வருஷமே கணக்கு மாறிற்று. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மதிப்பெண், முதல் இடத்துக்கு 3000. வேறு கிளப் உன் அகாடமிப் பையனைக் கேட்டால், அந்த இடத்தின் மதிப்புக்கு ஈடாக உன் கைகளைக் கொடுத்து அவனை வைத்துக்கொள். வளர்த்ததற்காக 20 சதவீதம் தள்ளுபடி. தள்ளுபடி! ஆடித் தள்ளுபடி போல.

பிறகு 2016இல் மற்றக் கிளப்புகளுக்கும் அகாடமி வந்தது. பூர்வகுடிப் பையன்களையும் புலம்பெயர்ந்த குடும்பத்துப் பையன்களையும் ஆட்டத்துக்குள் கொண்டுவருவது நோக்கம். 2020இல் ஜமாரா உகில்-ஹேகன் என்ற பூர்வகுடி இளைஞன் முதல் இடத்துக்கே கேட்கப்பட்டான். கேட்டது அடிலெய்டு. அவன் பெயர் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் அகாடமியில் இருந்ததால் அந்தக் கிளப் ஈடு கொடுத்து வைத்துக்கொண்டது. உடனே விதி திரும்ப மாறிற்று: 2021 முதல் முதல் 20 இடங்களுக்குள் கேட்கப்படும் பையன்களை இந்த அகாடமிகள் வைத்துக்கொள்ள முடியாது, அடுத்த வருஷம் அது 40 ஆயிற்று. மெல்போர்ன் அகாடமியில் பழகிய மாக் ஆண்ட்ரூ, சூடான் வழிக் குடும்பத்துப் பையன், அந்த விதியால் 2021இல் 5ஆவது ஆளாக கோல்ட் கோஸ்டுக்குப் போனான். பிற்பாடு இந்தத் தடையையும் தளர்த்திவிட்டார்கள். வடக்குக் கிளப்புகளுக்கு மட்டும் இந்தத் தடை எந்தக் காலத்திலும் இல்லை. 2023இல் கோல்ட் கோஸ்ட் ஒரே வருஷத்தில் தன் அகாடமியிலிருந்து நான்கு பேரை முதல் சுற்றிலேயே எடுத்துக்கொண்டது. பிரிஸ்பேன் 2024இலும் 2025இலும் கோப்பை ஜெயித்தபோது அகாடமி, ரத்த பாத்தியதை இரண்டையும் சேர்த்து வசவு கிளம்பிற்று.

இந்தச் சண்டை முழுவதிலும் என் கண்ணில் பட்டது ஒன்று. மூன்று வகை உரிமைகோரல்கள் மாறிமாறி வருகின்றன. என் எல்லைக்குள் பிறந்தவன், என் ஆளுக்குப் பிறந்தவன், நான் வளர்த்தவன். இவை மூன்றும் நிலத்தின் மேல் நாம் கேட்டுப் பழகிய உரிமைகள்: எல்லை, வாரிசு, உழைப்பு. கடைசி உரிமைகோரலுக்கு ஒரு தார்மீக வசீகரம் உண்டு. 'உழுபவனுக்கே நிலம்' என்று கேட்டு வளர்ந்த தலைமுறை நாம். அகாடமிக்காரன் வந்து, "அஞ்சு வருஷம் சோறு போட்டுப் பழக்கினது நான்" என்றால் நம் மனசு அவன் பக்கம் சாய்கிறது. ஆனால் உழுபவனுக்கு நிலம் என்பது நிலத்துக்கு வாய் இல்லாத காரணத்தால் சொல்ல முடிந்த வாக்கியம். பையனுக்கு வாய் இருக்கிறது. ஆஸ்திரேலியச் சொல்லாடலில் 'நியாயம்' என்று வருகிற இடங்களிலெல்லாம் அது கிளப்புக்கும் கிளப்புக்கும் இடையிலான நியாயமாகவே இருக்கிறது. பாகப்பிரிவினையின் நியாயம்.

இனி நம் விஷயத்துக்கு வரலாம்.

சடுகுடு கபடியாகி, 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் இடம்பெற்று, 1994இல் ஹிரோஷிமாவில் தங்கம் வாங்கிய அணியில் நம் மணத்தி கணேசன் ஆடி, அடுத்த வருஷம் அர்ஜுனா விருது பெற்றது வரைக்குமான காலத்தில், தென்மாவட்டத்துப் பையன் ஒருவனுக்குக் கபடி என்பது வேலைக்கான வழி. மில், போலீஸ், ரயில்வே, மின்வாரியம். ஊர் டீமில் ஆடி, மாவட்டத்துக்கு ஆடி, சர்டிபிகேட் வாங்கி, ஒரு சர்க்கார் வேலையில் உட்கார்ந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. கால் போனாலும் சம்பளம் வரும். 2014 ஜூலையில் புரோ கபடி லீக் எட்டு அணிகளோடு தொடங்கியபோது இந்த வழிக்குப் பக்கத்தில் இன்னொரு வழி திறந்தது. அந்த முதல் ஏலத்தில் மிக அதிக விலை ராகேஷ் குமாருக்கு, 12.80 லட்சம். 2023 ஏலத்தில் பவன் செராவத்துக்குத் தெலுகு டைட்டன்ஸ் கொடுத்தது 2.605 கோடி. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் எங்க ஊர்ப் பையன்களின் தூக்கம் போனது.

இரண்டாவது எண்ணோடு மூன்றாவது ஒன்றையும் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த வருஷம் ஒரு அணி மொத்தமாகச் செலவழிக்கக்கூடிய சம்பள வரம்பு 5 கோடி. அதில் பாதிக்கு மேல் ஒரே ஆளுக்குப் போனால் மீதிப்பேரை எதைக் கொண்டு நிரப்புவது? இங்கேதான் 'நியூ யங் பிளேயர்' என்ற இனம் வருகிறது. ஏலத்துக்கு வெளியே, அணிகள் தாங்களே தேடிப் பிடித்து ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும் இளைஞர்கள். 2017இல் நாடு முழுக்கத் திறமை தேடும் திட்டமாகத் தொடங்கியது, அடுத்த ஆண்டுகளில் அணிகளின் சொந்தத் தேடலாக ஆயிற்று. அணிக்கு அகாடமி இருந்தால் அங்கிருந்து, இல்லாவிட்டால் போட்டி மைதானங்களிலிருந்து. அவர்களை அடுத்தடுத்த வருஷங்களுக்குத் தக்கவைத்துக்கொள்ள 'ரீட்டெய்ண்ட் யங் பிளேயர்' என்று தனி வகுப்பே உண்டு. சம்பள வரம்பு என்ற சமத்துவ ஏற்பாடு, மலிவான இளைஞனின் மதிப்பைக் கூட்டிவிடுகிறது; கூடிய மதிப்பு அவன் கைக்கு வருவதில்லை. மார்க்ஸைத் தேடிப் படிக்க வேண்டியதில்லை, விசைத்தறிக்கூடத்தில் பீஸ் ரேட்டுக்கு நிற்கிற யாருக்கும் இது விளங்கும்.

உதாரணத்துக்கு நவீன் குமார். 2018இல் இளைஞர் வகுப்பில் டெல்லி அணிக்குள் வந்தார். மறு வருஷமே லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். ஆறு சீசன் அதே அணி. ஏலமேடையில் பல அணிகள் போட்டி போட்டு அவருக்கு விலை சொன்னது 2025இல்தான். ஹரியானா ஸ்டீலர்ஸ் 1.20 கோடிக்கு எடுத்தது. நடுவில் டெல்லி அணி அவருக்கு என்ன கொடுத்தது என்பது அவர்களுக்குள் உள்ள கணக்கு, நல்லபடியாகவே கொடுத்திருக்கலாம். நான் கேட்பது வேறு. உச்சத்தில் இருந்த அந்த வருஷங்களில் அவருடைய விலை என்ன என்பதை அவர் உட்பட யாரும் அறிந்துகொள்ள வாய்ப்பே இல்லாமல் போயிற்று அல்லவா?

கிரிக்கெட்டில் இது இன்னும் அப்பட்டமாக நடந்தது. ஐ.பி.எல்லின் ஆரம்ப வருஷங்களில் இந்தியாவுக்கு ஆடாத வீரர்கள் ஏலத்துக்கு வரவே முடியாது. அணிகள் நிர்ணயிக்கப்பட்ட தொகைக்கு நேரடியாக எடுத்துக்கொள்ளும். வேறு அணியோடு பேரம் பேசினார் என்று ரவீந்திர ஜடேஜாவை 2010இல் ஒரு சீசன் முழுக்க வெளியே உட்காரவைத்தார்கள். அடுத்த வருஷம் மணீஷ் பாண்டேவுக்கு நான்கு ஆட்டத் தடை. தன் உழைப்புக்கு இரண்டு இடத்தில் விலை கேட்பது அங்கே குற்றம். கேட்ட அணிக்காரர்கள் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்று யாராவது எழுதினால் நன்றாக இருக்கும்.

கபடிக்குத் திரும்புவோம். அகாடமி என்றாலே சுரண்டல் என்று எழுதிவிட்டுப் போவது இந்த மாதிரிப் பத்திரிகைகளில் சுலபம். அப்படி எழுத எனக்கு மனசு வரவில்லை. புனேரி பல்டன் அணி தன் இளைஞர் அகாடமியை உண்மையிலேயே நடத்தியது. அஸ்லம் இனாம்தாரும் மோஹித் கோயத்தும் அங்கே வளர்ந்தவர்கள். 2024 மார்ச்சில் அஸ்லம் தலைமையில் அந்த அணி கோப்பை ஜெயித்தபோது தடுப்பில் நின்றவர்களில் ஒருவர் நம் தமிழ்நாட்டு அபிநேஷ் நடராஜன். நம்ம பையனைப் புனேக்காரன் எடுத்து ஆளாக்குகிறான். 2017இல் வந்த தமிழ் தலைவாஸ், 2022இல் இளைஞர் வகுப்பில் எடுத்து முன்னுக்குக் கொண்டுவந்தது ஹரியானாவின் நரேந்தரை. நல்ல ஆட்டக்காரர், அதில் சந்தேகமில்லை. சங்கரன்கோவில் டீக்கடைகளில் இதற்காகக் கொதிக்கிறவர்கள் உண்டு. "பேருல மட்டும்தாம்வே தமிழ்." எனக்கு இந்தக் கொதிப்பில் முழுச் சம்மதம் இல்லை. சொந்த மண்ணின் ஆள் என்ற வாதத்தை நீட்டிக்கொண்டே போனால் அது 1968இன் மார்னிங்டன் தீபகற்பத்தில் போய்த்தான் நிற்கும், அல்லது எங்க ரேஷன் கார்டில்.

ஆஸ்திரேலிய அகாடமிக்கும் நம் ஏற்பாட்டுக்கும் இருக்கிற ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே கிளப் பன்னிரண்டு வயதில் ஆரம்பிக்கிறது. போதுமா போதாதா என்று சண்டை போடலாம், ஆனால் உழவு என்று ஏதோ ஒன்று நடக்கிறது. இங்கே பெரும்பாலும் பதினெட்டு, பத்தொன்பது வயதில் வந்து பிடிக்கிறார்கள். அதுவரைக்கும் உழுதது யார்? சாயங்காலம் சொந்தக் காசில் முட்டை வாங்கிக் கொடுத்த பி.டி. வாத்தியார். கரிசல் கட்டியை உடைத்து, தண்ணீர் தெளித்து, கோடு போட்டுக் கொடுத்த பழைய ஆட்டக்காரர்கள். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து "கணுக்காலைப் பிடில, முட்டைப் பிடிக்காத" என்று கத்திய ஒரு பெரியவர். வீட்டில் அவன் பங்கு வேலையையும் சேர்த்துப் பார்த்த அக்கா. அறுவடை நாளில் வண்டியோடு வந்து நிற்கிறவன், உழுதவனுக்குரிய பட்டாவைத் தன் பெயருக்குக் கேட்கிறான்.

இப்போது எங்க தெருப் பையன். பெயர் வேண்டாம். எனக்குச் சித்தப்பா முறை வைத்துக் கூப்பிடுகிறவன். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். வலது கார்னரில் நிற்பான். இவன் காலைப் பிடித்தால் கழற்றிக்கொண்டு போன ரைடரை நான் பார்த்ததில்லை. பதினெட்டு வயதில் ஒரு போட்டியில் பார்த்துவிட்டு, லீக் அணி ஒன்றோடு தொடர்புள்ள அகாடமியிலிருந்து கூப்பிட்டார்கள். வெளிமாநிலம். ஒப்பந்தத் தாள் பதினோரு பக்கம், இங்கிலீஷ். தெருவில் இங்கிலீஷ் வாசிக்கிற ஆள் என்று என்னிடம் கொண்டுவந்தான். வாசித்தேன். அனுமதி இல்லாமல் வேறெந்தப் போட்டியிலும் ஆடக்கூடாது; வேறு அணியின் தேர்வுக்குப் போகக்கூடாது; மூன்று வருஷத்துக்கு நீட்டிக்கும் உரிமை அவர்களுக்கு. அவனுக்கு என்ன உரிமை என்று தேடினேன். தங்குமிடம், சாப்பாடு, சீருடை, மாதம் ஒரு சிறிய தொகை. "என்ன சித்தப்பா, போடட்டுமா?" என்றான். தாளைக் கொண்டுவந்தவர் வாசலில் போன் பேசிக்கொண்டிருந்தார். "போடுடா" என்று சொன்னவன் நான்தான்.

இரண்டு வருஷம் அங்கே இருந்தான். மெத்தை விரிப்பில் பழகினான், உடம்பு ஏறிற்று, கொஞ்சம் இந்தி பேசினான். அணிப் பட்டியலில் ஒரு தடவையும் பெயர் வரவில்லை. அவர்களுக்கு வலது கார்னரில் விலை கொடுத்து வாங்கிய ஆள் இருந்தார். இவன் அந்த ஆளுக்கு அடிபட்டால் இறக்குவதற்கு. ஆளுக்கு அடிபடவில்லை. இவனுக்குத்தான் பயிற்சியில் முழங்கால் போயிற்று. வேறு இரண்டு அணிகளில் அந்த இடம் காலியாக இருந்தது என்பதை அவனே பின்னால் கணக்குப் பார்த்துச் சொன்னான். ஏலத்துக்கு விட்டிருந்தால் குறைந்த விலைக்காவது போயிருப்பானோ என்னவோ. அந்த இரண்டு வருஷமும் ஊர்ப் போட்டிகளில் ஆடாததால் பரிசுப் பங்கு இல்லை. மாவட்டத்துக்கு ஆடாததால் சர்டிபிகேட்டும் இல்லை. பழைய வழியும் அடைபட்டுப் புதிய வழியும் திறக்காமல் ஒரு வியாழக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினான். அகாடமிக்காரர்களைக் குற்றம் சொல்லி அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. "சாப்பாடு நல்லா இருந்துச்சு சித்தப்பா" என்றான்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. உலகக் கால்பந்தில் 2001 முதல் ஒரு விதி இருக்கிறது. ஒரு ஆட்டக்காரனை ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்கு விற்கும்போது, அந்தத் தொகையில் 5 சதவீதம், அவனுடைய 12 வயதிலிருந்து 23 வயதுக்குள் அவனைப் பழக்கிய எல்லாக் கிளப்புகளுக்கும் வருஷக் கணக்கில் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும். ஆப்பிரிக்கச் சேரியில் இருக்கிற சின்னக் கிளப்பும் காகிதம் சரியாக வைத்திருந்தால் கேட்டு வாங்கலாம். வளர்த்தவனுக்குக் காசு, ஆனால் பையன் மேல் பிடி கிடையாது. உழவையும் பட்டாவையும் பிரித்த மாதிரி. கபடியில் இதைக் கொண்டுவந்தால் என்ன என்று நான் ஒரு கூட்டத்தில் கேட்டேன். "யாருக்குக் கொடுக்கிறது?" என்று ஒருவர் திருப்பிக் கேட்டார். நான் வாயடைத்துப் போனேன்.

யோசித்துப் பார்த்தால் அந்தக் கேள்வி சாதாரணமானதல்ல. எங்க பக்கம் 'ஊர் டீம்' என்று நான் இதுவரை எழுதிவந்ததைத் 'தெரு டீம்' என்று வாசிக்க வேண்டும். தெரு என்றால் சாதி. பனியனில் இருக்கிற தலைவர் படத்தைப் பார்த்தே எந்தத் தெரு என்று சொல்லிவிடலாம். 1995இல் கொடியன்குளத்துக்குப் பிறகு வந்த கலவரக் காலத்தில், நான் ஸ்கோர் எழுதப் போகிற ஊர்களில் போட்டிகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. ஏனென்றால் ஒரு பிடி கொஞ்சம் அழுத்தமாக விழுந்தால் அது ஆட்டத்தில் விழுந்த பிடியாக இராது. சி.எல்.ஆர். ஜேம்ஸ், 1963இல் வந்த தன் கிரிக்கெட் புத்தகத்தில், டிரினிடாடில் ஒவ்வொரு கிளப்பும் தோலின் நிறத்துக்கு ஏற்ப இருந்ததையும், கறுப்பு நடுத்தர வர்க்கத்தின் ஷானன் கிளப்பை விட்டுவிட்டு, பழுப்புத் தோலினரின் மேப்பிள் கிளப்பில் தான் சேர்ந்ததையும் எழுதுகிறார்; அந்தத் தேர்வு தன் அரசியல் வளர்ச்சியையே தாமதப்படுத்திற்று என்று வருந்துகிறார். அவருக்காவது தேர்வு இருந்தது. எங்க பையனுக்கு எந்தத் தெருவில் பிறந்தானோ அந்த டீம்.

கிராமத்தைப் பற்றி அம்பேத்கர் 1948இல் அரசியல் நிர்ணய சபையில் சொன்னதை மறந்துவிட்டு, 'மண்ணின் கிளப்'புக்குப் பங்கு கொடு என்று நான் கேட்க முடியுமா? அந்த 5 சதவீதம் எங்க ஊருக்கு வந்தால் அது நாட்டாமை கையில் போய்க் கோவில் வரியில் கலக்கும். அல்லது பக்கத்துத் தெருவுக்கு எதிராக ஒரு புது ஆர்ச் எழும்பும். இவ்வளவையும் மீறி என் சித்தப்பா மகனுடைய அகாடமிக் கதையில் ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. அங்கே அவனோடு ஒரே அறையில் இருந்தவன் எங்க ஒன்றியத்துக்காரனே, ஆனால் எதிர்த் தெரு டீம். ஊரில் ஒருத்தன் வீட்டில் இன்னொருத்தன் தண்ணீர் குடித்ததில்லை. அங்கே இரண்டு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறார்கள். இதைச் செய்தது சந்தை. நம் ஊர் டீமால் நூறு வருஷத்தில் செய்ய முடியாததை, பையனை மலிவாக வைத்துக்கொள்ள நினைத்த ஒரு கம்பெனி தற்செயலாகச் செய்தது. நம் பக்கத்து விமர்சகர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

ஆகவே நான் கேட்பது ரொம்பச் சின்னது. பாகப்பிரிவினை நியாயத்தைக் கிளப்புகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும். பையனுக்கு இரண்டு வேண்டும். ஒரு வருஷம் பட்டியலில் சேர்க்காவிட்டால் மறு வருஷம் அவன் ஏலத்துக்குப் போகலாம் என்று ஒரு வரி. ஒப்பந்தத் தாள் அவன் வாசிக்கிற மொழியில். இந்த இரண்டையும் எழுதி வைக்கச் சங்கம் ஒன்று வேண்டும். அகில இந்தியக் கபடிச் சம்மேளனமோ, ஒரே குடும்பத்தின் பிடியில் கிடந்து, 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்து நிர்வாகியை நியமிக்க வேண்டிய நிலைக்குப் போனது. வழக்குப் போட்டவரும் ஒரு பழைய ஆட்டக்காரர்தான், மகிபால் சிங். ஆட்டக்காரர்களுக்கென்று ஒரு தொழிற்சங்கம் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. விசைத்தறித் தொழிலாளிக்கு எங்க ஊரில் சங்கம் இருக்கிறது. கூலி உயர்வுக்கு வருஷா வருஷம் தறியை நிறுத்துகிறார்கள். தொடையைத் தட்டிக்கொண்டு பாடிப் போகிறவனுக்கு இல்லை.

போன பங்குனிப் பொங்கலுக்கு அதே கரிசல் ஊரில் போட்டி நடந்தது. நோட்டீஸில் 'ஆதார் அட்டை ஜெராக்ஸ் கட்டாயம். வெளியூர் வீரர் இருவருக்கு மட்டுமே அனுமதி' என்று போட்டிருந்தார்கள். எனக்குக் கண் மங்கிவிட்டது, ஸ்கோர் எழுதுவதில்லை. வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருந்தேன். பதினொன்றரை மணிக்கு ஒரு வேன் வந்து நின்றது. முழங்காலில் பட்டையைச் சுற்றிக்கொண்டு எங்க தெருப் பையன் இறங்கினான். வேறு ஏதோ ஊருக்கு ஆட வந்திருக்கிறான். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மேசைக்குப் போனான். ஸ்கோர் எழுதுகிற சின்னப் பையன் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, எந்த ஊருன்னு எழுத?" என்று கேட்டான். இவன் திரும்பி வேனைப் பார்த்தான். டிரைவர் பக்கத்துச் சீட்டில் இருந்தவர் இன்னும் இறங்கவில்லை.